ஹோண்டா சி70 கிளட்ச்: திருகுவதா, தேய்ப்பதா, மாற்றுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பா, பீடோர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டுவோரையும் கிராணிமார்களையும் (தோட்ட எழுத்தர்களையும்) சுமந்து திரிந்த ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள்களில் கணிசமானவை இன்னும் செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளில் ஓடுகின்றன. வேறு சில, பழைய வண்டிப் பிரியர்களின் வீட்டு முன்வாசலில் மெருகேறி நிற்கின்றன. இரு தரப்புக்கும் பொதுவான குறை ஒன்றுதான்: முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் வழுக்குவதே இதற்குக் காரணம். சமதரையில் மறைந்திருக்கும் இந்த வழுக்கல், தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் நோக்கி ஏறும் 59ஆம் எண் சாலையின் வளைவுகளில் வெளிப்பட்டுவிடும். இதற்குச் சாப்பாட்டுக் கடை மேசைகளில் நான்கு வைத்தியங்கள் சொல்லப்படுகின்றன. நான்கும் ஒரே நோய்க்கானவை அல்ல என்பதால்தான் அவற்றை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

இந்த வண்டியில் கைக்கிளட்ச் கிடையாது. இன்ஜின் வேகமெடுக்கும்போது கிளட்சுக்குள் இருக்கும் எடைகள் வெளிப்புறமாக விலகிப் பிளேட்டுகளை (உராய்வுத் தகடுகளை) இறுக்குகின்றன. கியர் மிதியை அழுத்தும்போது அதே அசைவு பிளேட்டுகளைப் பிரித்தும் விடுகிறது. எனவே சரிசெய்ய இங்கே கேபிள் இல்லை. வலப்பக்க மூடியில் ஒரு திருகும் அதைப் பூட்டும் ஒரு நட்டும் மட்டுமே உண்டு.

செலவே இல்லாத வழி அந்தத் திருகுதான். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை வலப்புறமாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு இடப்புறமாக மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் லேசான தடை விரலுக்குத் தெரியும். அங்கிருந்து எட்டில் ஒரு பங்குச் சுற்று வலப்புறம் திருப்பி, திருகு அசையாமல் ஸ்க்ரூட்ரைவரால் பிடித்தபடியே நட்டை இறுக்கிவிடலாம். அந்த எட்டில் ஒரு பங்கு இடைவெளி இல்லாமற்போனால் கிளட்ச் எப்போதும் சற்றே அழுத்தப்பட்டிருக்கும், ஆகவே வழுக்கும். இடைவெளி மிகுந்தால் கியர் மாற்றும்போது முழுமையாகப் பிரியாமல் ‘டக்’கென்று உதைக்கும். கியரில் போட்டு நிறுத்தும்போது வண்டி தானாக முன்னால் ஊர்ந்தால், கிளட்சைத் தொடுவதற்கு முன் ஐட்லிங் (முறுக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்று போதும்.

ஆயில் மாற்றுவதை வைத்தியமாகவே பலர் எண்ணுவதில்லை. கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால், உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயில் இங்கே பொருந்தாது. ஜப்பானின் ஜாசோ தரத்தில் ‘எம்ஏ’ என்று குறித்த ஆயிலே சரி. ‘எம்பி’ என்பது ஸ்கூட்டர்களுக்கானது. வீட்டில் கார் ஆயில் மீதமிருக்கிறதே என்று இதில் ஊற்றுவது சிக்கனமாகாது.

இவை இரண்டாலும் தீரவில்லையென்றால் மூடியைக் கழற்றத்தான் வேண்டும். உண்மையான போட்டி, பழைய பிளேட்டைத் தேய்ப்பதற்கும் புதிய செட்டைப் போடுவதற்கும் இடையில்தான். பிளேட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளத்து, தடிமன் மட்டும் குறையாமலிருந்தால், தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து வட்டமாகத் தேய்த்து அந்தப் பளபளப்பை நீக்கலாம். ஆனால் தேய்ந்துபோன தடிமனை உப்புத்தாளால் திருப்பித் தர முடியாது. மேலும், சி70இல் காகித ஃபில்டர் இல்லை. ஒரு கம்பிச் சல்லடையும் சுழன்று அழுக்கைப் பிரிக்கும் அமைப்புமே உண்டு. தேய்த்த துகளைச் சரியாகக் கழுவாவிட்டால் அது ஆயிலோடு சேர்ந்து பேரிங்குகளுக்குப் போகும்.

கூலிக் கணக்கையும் பார்க்க வேண்டும். கிளட்சைப் பிடித்திருக்கும் நான்கு பல் நட்டைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும். மூடிக்குப் புதிய கேஸ்கட் வேண்டும். மூடியின் பழைய ஸ்க்ரூக்கள் தலை நசுங்காமல் வருவதற்குப் பொறுமை வேண்டும். தேய்த்தாலும் மாற்றினாலும் இந்த வேலை முழுவதும் ஒன்றேதான். சில வெள்ளியை (ரிங்கிட்டை) மிச்சம் பிடிக்கத் தேய்த்துப் போட்டு, அடுத்த மழைக்காலத்தில் மறுபடி திறப்பவருக்குத் தேய்த்ததே அதிகச் செலவாகிவிடும். ஆகவே தடிமனைக் கேலிப்பரால் அளந்து, ஐயமின்றி நல்ல நிலையில் இருந்தாலொழிய, நான் புதிய செட்டையே பரிந்துரைப்பேன். வாங்கப் போகும்போது பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். அசலா, மாற்று நிறுவனத்துடையதா என்பதைவிட அளவு பொருந்துகிறதா என்பதே முக்கியம். பொருத்துமுன் பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைக்க வேண்டும். இரும்புத் தகடு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ வளைந்திருந்தாலோ அதையும், தளர்ந்த ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய பிளேட்டைப் பழைய ஸ்பிரிங்கோடு போட்டுவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை.

நான்காவது வழி, இளைஞர்கள் விரும்பும் கைக்கிளட்ச் மாற்றம். அது இன்ஜினை முறுக்கி ஓட்டுவோருக்கு உதவும். கேட்கவும் கம்பீரமாக இருக்கும். ஆயினும் மூடி, உள்ளமைப்பு, கைப்பிடி, கேபிள் என்று வண்டியில் பலவும் மாறிப்போகின்றன. பழைய வண்டியென்று பாதுகாப்பவருக்கு இது இழப்பு. தினமும் தோட்டத்துக்குள் ஓட்டுபவருக்கோ தேவையற்ற கேபிள் ஒன்று கூடுகிறது. எப்படியும் செய்தே தீருவேன் என்பவர், கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் ஆயில் தடவி எடுத்து வைக்கட்டும். விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.