ஹட்டன் ஸ்டூடியோவில் என்எஃப்எஸ்: மூன்று வருட அனுபவம்

ஹட்டனில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் சின்ன ஸ்டூடியோ எங்களுடையது. நான்கு லினக்ஸ் கம்ப்யூட்டர், வீடியோ எல்லாம் கிடக்கும் ஒரு பழைய சர்வர், நடுவில் கிகாபிட் சுவிட்ச். கோப்புகளைப் பகிர என்எஃப்எஸ்; சர்வரில் இருக்கும் கோப்புகளை நெட்வொர்க் வழியாகச் சொந்த டிஸ்க்கில் இருப்பதுபோலவே கம்ப்யூட்டர்களுக்குக் காட்டும் முறை அது. சாதாரண நாளில் அது இருப்பதே தெரியாது.

தை பிறந்து முகூர்த்தங்கள் வரிசைகட்டினால்தான் கூத்து. நான்கிலும் ஒரே நேரத்தில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டால் எல்லாம் உறைந்துவிடும். வேலைச்சுமையைக் காட்டும் லோட் எண் 40ஐத் தாண்டும், சிபியு சும்மா கிடக்கும். பதிலுக்காகக் காத்துக் கிடக்கும் வேலைகளையும் லினக்ஸ் லோடில் சேர்த்துக் கணக்கிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவிலோ சர்வர் பதில் தரவில்லை என்ற புலம்பல். ஐப்பசி இடியில் சுவிட்ச் போயிருக்கும் என்றார் அண்ணன். சுவிட்சையும் கேபிளையும் மாற்றினோம். காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம் நான் செய்தது அதைவிட முட்டாள்தனம். உறையாமல் இருக்கட்டுமென்று சர்வர் பதில் தராவிட்டால் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுப் பிழை சொல்லும் சாஃப்ட் மவுண்டுக்கு மாறி, பதிலுக்குக் காத்திருக்கும் நேரமான டைம்ஓவை 30 என்று போட்டேன். அது விநாடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு; நான் கொடுத்தது வெறும் 3 விநாடி. சர்வர் கொஞ்சம் திணறினாலே எழுதும் வேலை பிழையோடு முடிந்துவிடும், எடிட்டிங் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. தாலி கட்டும் இடத்தில் வீடியோ கறுப்பாக நின்றது. நல்லவேளை, கேமரா கார்டை அழித்திருக்கவில்லை.

அன்றே, பதில் வரும்வரை விடாமல் காத்திருக்கும் ஹார்டு மவுண்டுக்குத் திரும்பினேன், டைம்ஓவையும் பழைய 600க்கே விட்டேன். பிறகுதான் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். சர்வரின் நெட்வொர்க் நிரம்பவே இல்லை, டிஸ்க்தான் மூச்சுவாங்கியது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சர்வரில் எழுத வேண்டியதை 16 ஜிபி ராமில் இரண்டு மூன்று ஜிபி வரை சேர்த்து வைத்து ஒரேயடியாகக் கொட்டுகிறது. நான்கும் சேர்ந்து கொட்டினால் சுழலும் ஒற்றை டிஸ்க் என்ன செய்யும்? அந்தக் கம்ப்யூட்டர்களில், இப்படிச் சேர்த்து வைப்பதற்கான வரம்பான டர்ட்டி பைட்ஸை 256 எம்பிக்குக் குறைத்தேன். உறைதல் பெரும்பாலும் அதிலேயே போய்விட்டது. சர்வரில் கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்களை 8இலிருந்து 32 ஆக்கியதில் கொஞ்சம் பலன் இருந்தது, ஆனால் டிஸ்க் மெதுவாக இருக்கும்போது த்ரெட்டைக் கூட்டுவது, தறி ஒன்றே இருக்கும் இடத்தில் நெசவாளியைக் கூட்டுவது மாதிரிதான். போன வருடம் எஸ்எஸ்டி போட்ட பிறகே முழு நிம்மதி.

இப்போதும் மின்சாரம் போனால் சர்வர் படுத்துவிடும், யுபிஎஸ்ஸில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் உறைந்து நிற்கும். ‘தம்பி, திரும்ப ஹேங் ஆயிருச்சு’ என்று அண்ணன் கத்துவார். நான் எழுந்து போவதில்லை. சர்வர் எழுந்ததும் ரெண்டர் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது.