ஹுராக்கான் ஈவோ: சிங்கப்பூரில் இந்த விலைக்கு அந்த வேகம் தகுமா?

என்னிடம் லம்போர்கினி ஹுராக்கான் ஈவோ இருக்கிறது என்று தெரிந்ததும் பலரும் கேட்பது ஒரே கேள்விதான். "90க்கு மேல போக முடியாத ஊர்ல இதை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" நியாயமான கேள்வி. சில ஆண்டுகளாக இதை ஓட்டிவருகிறேன், அதனால் விவரமாகவே பதில் சொல்ல முடியும். சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் போடும் வேகக் கணக்குக்காக மட்டும் வாங்குவதானால் இந்த விலை தகாது. அந்த எஞ்சினும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஓட்டுபவருக்குக் கொடுக்கும் அனுபவத்துக்காக என்றால் தகும். ஆனால் இன்றைய வரியில் புதுக் காராக வாங்கினால் அதுவும் தகாது.

சிங்கப்பூரில் விலையைப் பேசாமல் காரைப் பற்றிப் பேச முடியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இறக்குமதி மதிப்பு, அதாவது ஓஎம்வி, 3 லட்சம் வெள்ளி உள்ள ஒரு சூப்பர்காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 20 விழுக்காடு கலால் வரி, 60,000. இரண்டையும் கூட்டிய தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி, 32,400. அடுத்து வருவதுதான் பெரியது. ஏஆர்எஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காட்டில் ஆரம்பித்து, 80,000க்கு மேலுள்ள ஒவ்வொரு வெள்ளிக்கும் 320 விழுக்காடு. 3 லட்சத்துக்கு அது 8,40,000 வெள்ளி ஆகிறது! காரைப் பத்தாண்டு வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ தனி. பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 2023 அக்டோபரில் 1,50,001 வெள்ளிக்குப் போனது பலருக்கு நினைவிருக்கும். விற்பனையாளரின் லாபத்தைச் சேர்க்காமலேயே பதின்மூன்று லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அதில் காருக்கென்று போகும் பணம் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

எனக்கு இந்த வரியின்மேல் கோபம் இல்லை. கிழக்கிலிருந்து மேற்குக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மட்டுமே உள்ள தீவில் எல்லாரும் கார் வாங்கினால் யாரும் நகர முடியாது. அதைக் கட்டுப்படுத்தத்தான் 1990இல் சிஓஇ வந்தது. ஆனால் "செயல்திறன் விலைக்குத் தகுமா" என்று கேட்கும்போது எந்த விலை என்பதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். தொழிற்சாலை கேட்கும் விலைக்கு இந்தக் கார் தாராளமாகத் தகும். அதன்மேல் நிற்கும் மூன்று பங்கு, தீவின் சாலையில் இடம் பிடிக்கக் கொடுக்கும் பணம். எந்த எஞ்சினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

நான் வாங்கியது 2019 கடைசியில் பதிவான பழைய கார். அப்போது ஏஆர்எஃப் உச்ச விகிதம் 180 விழுக்காடுதான். அதே 3 லட்சம் ஓஎம்விக்கு அன்றைய கணக்கில் 5,12,000 வெள்ளி வரும். கார் பத்து வயதை எட்டுமுன் பதிவை நீக்கினால் அதில் பாதி, 2,56,000 வெள்ளி, திரும்பக் கிடைக்கும். 2023 பிப்ரவரியில் இந்தத் திரும்பும் தொகைக்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது. அதற்கு முன் பதிவான கார்களுக்கு அது பொருந்தாது. பதிவை நீக்கினால் கையில் வரும் தொகையை நம் ஊர் கார் வியாபாரிகள் பேப்பர் வேல்யூ என்று சொல்வார்களே, அது பழைய சூப்பர்கார்களில் கெட்டியாக நிற்பதற்கு இதுதான் காரணம். பழையதை வாங்கியவருக்குக் கணிசமான தொகை கையில் திரும்பும். புதிதாக வாங்குபவருக்கு ஏஆர்எஃப் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும்.

இனி காரைப் பார்ப்போம். 5.2 லிட்டர் வி10 எஞ்சின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. 640 குதிரைத்திறன். பூஜ்யத்திலிருந்து 100ஐத் தொட 2.9 விநாடி, 200க்கு 9 விநாடி. உச்ச வேகம் 325க்கு மேல்.

என் அக்கா மகன் பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ் என்ற மின்சாரக் காரை ஓட்டுகிறான். அதன் கணக்கு 3.8 விநாடி. ஒருநாள் சிராங்கூன் கார்டன்ஸ் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது நேராகவே கேட்டான். "மாமா, ஒரு செகண்டுகூட வித்தியாசம் இல்ல. அதுக்கா இவ்ளோ காசு?" அவன் சொன்னது சரிதான். டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் 3.1 விநாடியில் 100ஐத் தொடுகிறது, நான்கு பேரும் பெட்டிகளும் ஏறக்கூடிய காராக இருந்தும், சத்தமில்லாமல். சிக்னலில் பச்சை விழுந்ததும் பாய்வதுதான் செயல்திறன் என்றால் அதை மின்சாரக் கார்கள் மலிவாக்கிவிட்டன. முன்பு அந்த மூன்று விநாடிக்காகவே சூப்பர்கார் வாங்கினார்கள். இன்று அதற்காக வாங்குவது வீண் செலவு.

அப்படியானால் மிச்சம் என்ன? அது உள்ளே உட்கார்ந்து ஓட்டினால்தான் புரியும், ஆனாலும் எழுத முயல்கிறேன். டர்போ எஞ்சினில் பெடலை மிதிப்பதற்கும் இழுவிசை வருவதற்கும் நடுவே மிகச் சிறிய தயக்கம் இருக்கும். மின்சாரக் காரில் தயக்கம் இல்லை, ஆனால் ஏற்றமும் இல்லை. முதலிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பிறகு தட்டையாகிவிடும். இந்த வி10இல், மிருதங்கத்தில் விரல் பட்டதும் நாதம் எழுவதுபோல, கட்டைவிரல் அளவுக்குப் பெடல் நகர்ந்தாலும் அதற்கேற்ற அளவு பதில் உடனே வருகிறது. 4,000 சுற்றில் ஒரு குரல், 6,000இல் வேறொரு குரல், 8,000ஐ நெருங்கும்போது முதுகுத்தண்டில் ஏறும் இன்னொரு குரல். ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று தந்துகொண்டே போகும்.

இதில் ஒரு பகுதியைச் சிங்கப்பூரிலும் சட்டத்துக்கு உட்பட்டே அனுபவிக்கலாம். மரினா கரையோர விரைவுச்சாலையின் சுரங்கப்பாதையில் வரம்பு 80. ஞாயிறு விடியற்காலை, முன்னும் பின்னும் கார் இல்லாதபோது, கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டாம் கியருக்கு வந்தால் 80க்குள்ளேயே எஞ்சின் 5,000 சுற்றைத் தாண்டிவிடும். சுவரில் பட்டுத் திரும்பும் அந்த ஒலிக்கு நான் இன்றும் மயங்குகிறேன். பதினைந்து வயதில் சுவரில் ஒட்டிவைத்திருந்த படத்திலிருந்த காரின் ஒலியை நான் இப்படித்தான் கற்பனை செய்திருந்தேன்.

மற்ற நேரத்தில் நகரத்தில் இதன் திறமையில் பெரும்பகுதி உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது பத்து சிலிண்டரில் ஐந்து தானாகவே ஓய்வுக்குப் போய்விடும். தீவு விரைவுச்சாலையில் மாலை ஆறு மணி நெரிசலில் ஐந்து சிலிண்டரோடு ஊர்ந்துகொண்டிருப்பேன். வாகன நிறுத்துமிடம் பெரிய தலைவலி. நம் ஊரில் ஒரு லாட்டின் அகலம் பொதுவாக 2.4 மீட்டர். இந்தக் காரின் அகலம் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.93 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து அரை மீட்டர்கூட மிஞ்சாது, கதவோ நீளம். அதனால் ஓரத்து லாட் கிடைக்கும்வரை மாடி மாடியாக ஏறுவேன். வேகத்தடை வந்தால் மூக்கைத் தூக்கும் பொத்தானை அழுத்தியாக வேண்டும். நாளடைவில் விரல் தானாகவே அங்கே போய்விடுகிறது.

அம்மாவை சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்கு இதில் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒருமுறை ஏறினார். பட்டுச்சேலையோடு தரையை ஒட்டிய இருக்கையில் இறங்கி உட்கார்வதே பாடு, கோயில் வாசலில் இறங்குவது அதைவிடப் பெரும்பாடு. முதலில் இரண்டு காலையும் வெளியே வைத்து, என் கையைப் பிடித்து, முந்தானையை மறுகையில் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அழகான கார்தான் என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது டாக்சி கூப்பிடச் சொன்னார். குடும்பத்துக்கு ஒரே கார் என்ற நிலையில் உள்ளவர்கள் இதை நினைக்கவே வேண்டாம்.

காரின் முழுப் பொருளும் எல்லையைத் தாண்டிய பிறகுதான் தெரிகிறது. துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாகப் புறப்படுவேன். டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் கார் வெளியேறக் கூடாது, மலேசியாவில் விஇபி எனப்படும் வாகன நுழைவு அனுமதிப் பதிவும் கட்டாயம். அங்கே வெளிநாட்டுக் கார்களுக்கு ரான்95 பெட்ரோல் கிடையாது, 97 போடலாம். பெட்ரான் நிலையங்களில் 100 ஆக்டேன் இருக்கிறது, நான் அதைத்தான் தேடிப் போடுவேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வரம்பு 110. ஏழாவது கியரில் அந்த வேகத்தில் கார் அலுங்காமல் போகும், நெடும்பயணத்துக்கு இருக்கை எதிர்பார்த்ததைவிட வசதி. ஆனால் 110இல் இதன் செயல்திறனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. அந்தச் சாலையில் வரம்பை மீறி ஓட்டுபவர்களை நான் ஆதரிப்பதில்லை. வலது தடத்தில் திடீரென்று மோட்டார் சைக்கிள் வரும், மழை வந்தால் எதிரில் எதுவும் தெரியாது.

ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி செப்பாங் இருக்கிறது. 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, 2017 வரை ஃபார்முலா 1 நடந்த தடம். டிராக் டேவுக்குப் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தங்கள் காரை ஓட்டலாம். நேர்தடத்தின் முடிவில் மீட்டர் 240ஐத் தாண்டியிருக்கும்போது முதல் வளைவுக்காக பிரேக்கை மிதிக்க வேண்டும். செராமிக் பிரேக் குளிர்ந்திருக்கும்போது கட்டையை மிதிப்பதுபோல் இருக்கும், சூடேறியபின் வேறு பிறவி எடுக்கும். சீட் பெல்ட் காறை எலும்பில் அழுந்துகிறது, தலைக்கவசம் முன்னே இழுக்கிறது, ஆனால் ஸ்டியரிங் ஒரு நூல்கூட ஆடுவதில்லை. 100இலிருந்து நிற்க 31.9 மீட்டர் என்று நிறுவனம் சொல்கிறது. அந்த எண்ணை நான் அங்கேதான் நம்பினேன். ஐந்தாவது, ஆறாவது வளைவுகள் வேகமானவை, இடதும் வலதுமாக அடுத்தடுத்து வரும். அங்கே பின்சக்கரமும் சற்றுத் திரும்புவதால் காரின் வால் நம் இடுப்போடு சேர்ந்தே சுழல்கிறது. முன்டயரின் பிடி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது உள்ளங்கையில் தெரிகிறது. எதையும் யோசிக்க நேரமில்லை, ஆனால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

அக்கா மகன் ஒருமுறை பக்கத்து இருக்கையில் வந்தான். கடைசி ஹேர்பின் வளைவைத் தாண்டி நேர்தடத்துக்கு வந்ததும், "இன்னொரு ரவுண்டு போலாமா மாமா, பிரேக் தாங்குமா?" என்று கத்தினான். தாங்கியது. அவன் காரின் எடை 2,185 கிலோ. என்னுடையது எண்ணெய், பெட்ரோல் நீங்கலாக 1,422. அவற்றையெல்லாம் சேர்த்தாலும் வித்தியாசம் மிகப் பெரியது. ஒரே ஒரு பாய்ச்சலில் இரண்டும் அருகருகே நிற்கும். வளைவுக்குப் பின் வளைவாக, சுற்றுக்குப் பின் சுற்றாக, சூட்டிலும் அதே பிரேக்கையும் அதே பலத்தையும் தருவதற்குத்தான் இந்தக் காரில் காசு போயிருக்கிறது. அந்தப் பொறியியலுக்கு நான் கொடுத்த பணத்தை நினைத்து ஒருநாளும் வருந்தியதில்லை.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5,204 சிசிக்கு சாலை வரி ஆண்டுக்கு ஏறக்குறைய 5,830 வெள்ளி. பெட்ரோல் 98. ஓட்டாமல் வைத்தால் பேட்டரி இறங்கும், வீட்டில் சார்ஜர் மாட்ட பிளக் பாயின்ட் இல்லாதவர்களுக்கு அது தொல்லை. பின்டயர் 305 அகலம், டிராக்கில் சீக்கிரம் தேயும். வழக்கமான கார் காப்புறுதி பந்தயத் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்காது. செப்பாங் போகிறவர்கள் இதைப் படித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஓட்டும் சுகம் மட்டும் வேண்டும், வி10இல் பிடிவாதம் இல்லை என்பவர்களுக்கு டொயோட்டா ஜிஆர்86ஐத் தயங்காமல் சொல்வேன். இலேசான கார், டிராக்கில் ஓட்டக் கற்றுக்கொள்ளவும் ஏற்றது. ஆனால் இந்த எஞ்சினுக்கு மாற்று இல்லை. ஹுராக்கானுக்கு அடுத்து வந்த டெமராரியோ இரட்டை டர்போ வி8 ஹைபிரிட், 920 குதிரைத்திறன், 10,000 சுற்று. கணக்கில் என் காரை எங்கேயோ விட்டுவிடும். ஆனால் டர்போ இல்லாத வி10 ஹுராக்கானோடு முடிந்துவிட்டது.

என் காருக்கு 2029 கடைசியில் பத்து ஆண்டு முடிகிறது. சிஓஇயைப் புதுப்பித்தால் அந்தப் பெரிய பேப்பர் வேல்யூ முழுவதும் போய்விடும், அதன்பின் ஆண்டுதோறும் சாலை வரியும் கூடும். பதிவை நீக்கினால் பணம் வரும், கார் ஏற்றுமதியாகும். முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் இந்த எஞ்சினைக் கப்பலில் ஏற்றிவிட எனக்கு மனம் வராது. அதனால் சிஓஇயைப் புதுப்பிக்க இப்போதே மாதாமாதம் பணம் ஒதுக்கிவருகிறேன்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் பதிவுத் தேதியைப் பாருங்கள், 2023 பிப்ரவரிக்கு முன்னா பின்னா என்று. அடுத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் வருமுன் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். மூக்குத் தூக்கியை நாலைந்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். செராமிக் டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பட்டறையில் அளந்து எழுதி வாங்குங்கள். டிராக்கில் ஓடிய கார் என்றால் பயப்பட வேண்டாம், சர்வீஸ் பதிவு ஒழுங்காக இருந்தால் போதும். ஷோரூமில் அசையாமல் நின்ற காரைவிட நான் அதைத்தான் எடுப்பேன்.