கொளத்தூர் டரான்டுலா கடை: சிலந்தி வாங்கலாம், பெட்டி வேண்டாம்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது இந்தக் கடை. விலையைச் சொல்வதற்கு முன்பே கடைக்காரர் கேட்டுவிடுகிறார்: "இப்ப என்ன வளர்க்கறீங்க?" இந்த ஒரு கேள்விக்காகவே கடையைப் பரிந்துரைப்பேன்.

நான் போனபோது ஒரு கல்லூரிப் பையன் ஓபிடி சிலந்தி கேட்டுக்கொண்டிருந்தான். ஆரஞ்சு நிற ஆப்பிரிக்கச் சிலந்தி, பார்க்க அட்டகாசம். ஆனால் மின்னல் வேகம். கடித்தால் வலி உயிரை வாங்கிவிடும். "முதல்ல கர்லி ஹேர் வளருப்பா" என்று ஒரு டப்பாவைத் திறந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் சிலந்தியின் பின்னங்காலைத் தொட்டுக் காட்டினார். அது நாலு எட்டு வைத்து நின்றுவிட்டது. பையன் அதையே வாங்கிக்கொண்டான். சரியான தேர்வு. மத்திய அமெரிக்க இனம், நிதானமானது, சென்னை வெக்கையைத் தாங்கும். மிரண்டால் வயிற்று முடியை உதறும், அரிக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெண் சிலந்தி என்றால் இருபது வருஷம்கூட இருக்கும்.

என்னிடம் கர்லி ஹேரும், ஜிபிபி எனும் கிரீன்பாட்டில் புளூ டரான்டுலாவும் இருக்கின்றன. அடுத்து மரத்தில் வாழும் டோகோ ஸ்டார்பர்ஸ்ட் கேட்டேன். அதற்கு முன் சால்மோபியஸ் கேம்பிரிட்ஜி வளர்க்கச் சொன்னார். டிரினிடாட் இனம், முடி உதறாது, வேகத்தில் குறைவில்லை, விஷம் மட்டும் அத்தனை கடுமையில்லை. வேகத்துக்குக் கை பழக இதைவிட நல்ல படி கிடையாது. குட்டி ஒன்று வாங்கினேன். வந்த மறுநாளே நன்றாக இரை எடுத்தது.

ஆந்திரக் காடுகளில் வாழும் நீலநிற மெட்டாலிகாவை அவர் விற்பதில்லை. அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது, யாரும் வாங்கவும் கூடாது. பிராக்கிபெல்மா வகை டரான்டுலா கேட்பவர்களிடம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொல்கிறார். பில்லில் அறிவியல் பெயர் எழுதித் தருகிறார்.

குறை, அங்கே விற்கும் பெட்டிதான். ஒரே உயரப் பெட்டியைத் தரைச் சிலந்திக்கும் தலையில் கட்டுகிறார்கள். ஏறி விழுந்தால் வயிறு வெடித்துச் செத்தும் போகலாம். கம்பி வலை மூடி வேறு, நகம் சிக்கும். அதைத் தவிர்த்து, துளை போட்ட அக்ரிலிக் பெட்டியை வெளியே வாங்கித் தேங்காய் நார்த்தூளை உயரமாக நிரப்புங்கள். மூடிக்கும் நார்த்தூளுக்கும் நடுவே, சிலந்தி கால்களை விரித்தால் வரும் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இடம் விட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரைக்கான கிரிக்கெட் பூச்சி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.