தாள்கள் இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர், டிஆர்6 மூன்றில் எதை நம்பலாம்?

இங்கிலாந்தில் கூரை மடங்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க நினைப்பவர் முன் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வந்து நிற்கும்: எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், டிரையம்ஃப் டிஆர்6. எது அழகு, எது வேகம், எதன் என்ஜின் சத்தம் காதுக்கு இனிமை என்றெல்லாம் இவற்றை ஒப்பிட்டு எழுதித் தீர்த்துவிட்டார்கள். முழு ஆவணங்களோடு ஒரே குடும்பத்திடமிருந்து வரும் காருக்கு அந்த ஒப்பீடு பொருந்தும். விற்பவரோ, “எனக்கு முன்னால் யார் வைத்திருந்தார்கள் என்று தெரியாது, பில் எதுவும் இல்லை” என்று கையை விரித்துவிட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. எந்தக் கார் தன் குறையை எவ்வளவு தூரம் மறைக்கும் என்பதைத்தான் அப்போது பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் என் வரிசை சந்தை விலையின் வரிசைக்கு நேர் தலைகீழ்: முதலில் ஸ்பிட்ஃபயர், அடுத்து எம்ஜிபி, கடைசியில் டிஆர்6.

நேரில் போவதற்கு முன்

விற்பவரிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை என்றாலும் அரசிடம் கொஞ்சம் தகவல் இருக்கும். நம்பர் பிளேட்டில் உள்ள எண்ணைக் கொடுத்தால் போதும். அந்தக் காரின் எம்ஓடி வரலாற்றை 2005 முதல் பிரிட்டிஷ் அரசின் இணையதளம் இலவசமாகக் காட்டும். எம்ஓடி என்பது நம் ஊர் எஃப்சி போல, ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை. 40 வயதைக் கடந்த கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து பெரும்பாலும் அது கட்டாயமில்லை. அதனால் பல கார்களின் பதிவு அந்தக் காலத்தோடு நின்றுவிடும். ஆனாலும் பழைய வரிகளிலேயே விஷயம் இருக்கிறது. 2011இல் ‘இடப்பக்கம் கதவுக்குக் கீழே துரு’ என்று எச்சரிக்கை, 2012இலும் அதே வரி, 2013இல் அந்த வரியைக் காணோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவை வெட்டி எடுத்தார்களா, மேலே தார் பூசி மூடினார்களா? காரைப் பார்க்கப் போகும்போது முதலில் குனிய வேண்டிய இடம் அதுதான்.

மைல் கணக்கும் அதே பக்கத்தில் கிடைக்கும். இந்தக் கார்களின் மீட்டரில் ஐந்து இலக்கம்தான் ஓடும். 34,000 என்று காட்டுவது 1,34,000 ஆகவும் இருக்கலாம். அதைவிட முக்கியமானது, வருடக்கணக்கில் கார் ஓடாமலே நின்றதா என்பது. நின்றிருந்தால் பிரேக் சிலிண்டர், ரப்பர் குழாய்கள், டயர் எல்லாவற்றுக்கும் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

வி5சி என்ற பதிவுப் புத்தகம் உரிமைக்குச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் பிரிட்டனில் முதலில் பதிவான தேதி அதில் உண்டு. 1972இல் தயாரான கார் 1990இல்தான் பதிவானது என்றால் இடைப்பட்ட காலத்தை அது வேறு நாட்டில் கழித்திருக்கிறது. இன்னொரு வழி, கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தரும் ஹெரிடேஜ் சான்றிதழ். தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, கார் தயாரான தேதி, முதல் நிறம், என்ஜின் எண், அனுப்பப்பட்ட நாடு ஆகியவற்றை எழுதித் தருவார்கள். கட்டணம் உண்டு. அதை விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். என்ஜின் எண் பொருந்தாவிட்டால் உடனே பதற வேண்டாம். அந்தக் காலத்தில் பழைய என்ஜினைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்த என்ஜினை வாங்கிப் பொருத்துவது சர்வ சாதாரணம்.

எம்ஜிபி

ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரான கார் இது. உதிரி பாகம் கிடைக்குமா என்ற கவலையே இல்லை. முழு பாடியையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் புதிதாகச் செய்து விற்கிறது. 1798 சிசி என்ஜின் முரட்டு உழைப்பாளி. என்ஜினுக்குள் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகள் 1964 இறுதியில் மூன்றிலிருந்து ஐந்தாகக் கூடின. அதன் பிறகு இன்னும் உறுதி. நன்றாகச் சூடேறிய பிறகு ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 50 பிஎஸ்ஐக்கு மேல் நின்றால் என்ஜினைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

சிக்கல் எல்லாம் தகட்டில். இதற்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சேஸிஸ். கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பவை கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் இரண்டு பெட்டிப் பகுதிகள். ஸில் என்று சொல்வார்கள். வெளித்தகடு, நடுவே நிற்கும் தடுப்புத் தகடு, அடியில் மடித்துப் போட்ட தகடு எனப் பல தகடுகள் சேர்ந்த அமைப்பு அது. வெளித்தகட்டை மட்டும் மாற்றி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, அடியில் கறுப்புத் தாரைப் பூசிவிட்டால் உள்ளே நடுத்தகடு பொடிந்து கிடப்பது யார் கண்ணுக்கும் படாது. பூசி மெழுகுவதற்கென்றே வாய்த்த கார் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் கதவு காட்டிக்கொடுத்துவிடும். கதவை மூடிவிட்டு அதன் பின்விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். முழு நீளத்துக்கும் சீராக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. துருவினால் தொய்ந்திருக்கலாம். அல்லது ஸில்லை வெட்டி மாற்றியபோது கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்காமல் வெல்டிங் செய்திருக்கலாம். அப்படிச் செய்த காரை நேராக்க மறுபடியும் அத்தனையையும் வெட்ட வேண்டும். அந்தச் செலவு காரின் விலையையே எட்டிவிடக்கூடும்.

அடுத்து ஜாக். கார் தயாரித்தவர்களே அமைத்த ஜாக் முனையில் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையிலும் கதவு தடையில்லாமல் திறந்து மூட வேண்டும். “அங்கே ஜாக் வைக்க வேண்டாம், வேறு இடத்தில் வைப்போம்” என்று விற்பவர் சொன்னால் அதற்கு மேல் நீங்கள் சோதிக்க வேண்டியது எதுவும் இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். இருக்கைகளுக்குப் பின்னால் பேட்டரி வைக்கும் பெட்டிகள் துருப்பிடிக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். முன் மட்கார்டின் உள்ளே, கதவுக்கு முன்பாக, சேறு தங்கும் இடம் ஒன்று உண்டு. வெளியே கீழ்ப்பகுதியில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே ஓட்டைதான். துணியில் சுற்றிய காந்தத்தை அங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பு அல்ல, பட்டி. 1974 செப்டம்பர் வாக்கில் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, காரின் உயரமும் கூடியது. ஆகவே நம்பர் பிளேட்டின் கடைசி எழுத்து 1975-76ஐக் குறிக்கும் ‘P’ என்றிருக்க, காரில் பளபளக்கும் குரோம் பம்பர் இருந்தால் யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது தவறில்லை. விலையை மட்டும் அசல் குரோம் காருக்கு உரியதாகச் சொன்னால் பேச வேண்டியிருக்கும்.

ஸ்பிட்ஃபயர்

இதன் பூர்வீகம் நம்மில் சிலருக்குப் பழக்கமானதுதான். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1960களில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டை நினைவிருக்கிறதா? முன்பகுதி மொத்தமும் மூக்கை நோக்கிக் கவிழ்ந்து திறக்கும். அந்த ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி, இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த பாடியை மேலே பொருத்தியதே 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர். கவென்ட்ரியில் உள்ள கேன்லி தொழிற்சாலையில் 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் தயாரானது.

பானெட் அப்படித் திறப்பதுதான் தாள்கள் இல்லாத கார் வாங்குபவருக்குக் கிடைக்கும் பெரிய வசதி. என்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன், சேஸிஸின் முன்முனை எல்லாம் கண்ணெதிரே கிடக்கும். சேஸிஸ் தனியாக இருப்பதால் அடியில் படுத்தாலும் பார்க்க வேண்டியது தெரியும். முன்னால் விபத்தில் அடிபட்டு நிமிர்த்தியிருந்தால் சேஸிஸ் முனையில் சுருக்கமோ வெல்டிங் தழும்போ இருக்கும். தனி சேஸிஸ் இருக்கிறதே என்று கதவுக்குக் கீழே பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். ஸ்பிட்ஃபயரிலும் ஸில் பாரம் தாங்கும் பகுதிதான். எம்ஜிபிக்குச் சொன்ன கதவுச் சோதனை இங்கேயும் செல்லும்.

இதன் தனிப்பட்ட நோய் இரண்டு. இரண்டையும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

முதலாவது த்ரஸ்ட் வாஷர். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கமாகத் தள்ளப்படும். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்பவை பின் பேரிங்கின் இரு பக்கமும் செருகியிருக்கும் அரைவட்ட வாஷர்கள். அவை தேய்ந்து ஆயில் தொட்டிக்குள் விழுந்துவிட்டால் கிராங்க் நேராக என்ஜின் பிளாக்கின் இரும்பை அரைக்கத் தொடங்கும், பிளாக்கே வீணாகும். சோதனை எளிது. என்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். கூட வந்தவர் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து விடட்டும். நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியை மட்டும் பாருங்கள். உற்றுப் பார்த்தாலும் அசைவு தெரியக் கூடாது. புல்லி ஒரு மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போய் வந்தால், என்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், என்ஜின் செத்தது என்று வைத்தே விலை பேசுங்கள்.

இரண்டாவது, முன் சக்கரத்தின் அடிமூட்டு. ட்ரன்னியன் என்று பெயர். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் மரை இதற்குள்தான் திரும்புகிறது. அதற்குள் கியர் ஆயில் போக வேண்டும். கிரீஸ் அடித்தால் தண்ணீர் தங்கி மரை அரிக்கும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். “ட்ரன்னியனுக்கு என்ன போடுகிறீர்கள்?” என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். “ஈபி 90 ஆயில்” என்று உடனே பதில் வந்தால் கையில் பில் இல்லாவிட்டாலும் காரைக் கவனித்த ஆள்தான். “அது என்ன?” என்று கேட்டால் அந்தப் பாகங்களைப் புதிதாக வாங்கும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். நல்ல வேளையாக அது பெரிய செலவு இல்லை.

மாடல்களில் 1970இல் வந்த மார்க் 4க்கு முந்தியவை வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உட்பக்கம் மடங்கும் சுபாவம் உள்ளவை. மார்க் 4இல் பின் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். கடைசியாக வந்த 1500இல் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் 1493 சிசி என்ஜின் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டினால் பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங்கைத் தின்னும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து அடியில் தட்டும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். நீங்கள் போகும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறும்வரை காத்திருப்பதாகச் சொல்லி உட்கார்ந்துவிடுங்கள்.

டிஆர்6

மூன்றிலும் ஆசை காட்டுவது இதுதான். 2498 சிசி, ஆறு சிலிண்டர், அகன்ற முகம். விலையும் அதற்கேற்ப. ஆவணம் இல்லாமல் வாங்கக் கூடாததும் இதுவே. துருவுக்காக மட்டும் சொல்லவில்லை. சேஸிஸில், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் இடங்கள் விரிசல் விடும், கிளட்ச்சை விடும்போது பின்னால் ‘டொக்’கென்று கேட்கும், த்ரஸ்ட் வாஷர் நோய் இதற்கும் உண்டு. அவையெல்லாம் தேடினால் அகப்படுபவை. இந்தக் கார் மறைப்பது தன் பிறப்பை.

1968 இறுதியிலிருந்து 1976 வரை 90,000க்கு மேல் தயாரானதில் பிரிட்டனில் விற்றது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. பிரிட்டிஷ் காரில் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்ஷன், தொடக்கத்தில் 150 குதிரைத்திறன். அமெரிக்கக் காரில் இரண்டு ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டர், 105ஐ ஒட்டிய திறன். பின்னாளில் ஏராளமான அமெரிக்கக் கார்கள் திரும்பி வந்தன. ஸ்டியரிங் வலப்பக்கம் மாறியது, சிலவற்றில் இன்ஜெக்ஷனும் ஏறியது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பாடியில் ஆணி அடித்திருக்கும் சிறு தகட்டில் உள்ள எண்ணின் முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள்: CP, CR என்றால் இன்ஜெக்ஷன் கார், CC, CF என்றால் அமெரிக்காவுக்கான கார்புரேட்டர் கார். அந்தத் தகடும் வெறும் ஆணியில் நிற்பதுதான். ஆணி புதிதாக மின்னினால் வி5சியையும் கேய்டன் சான்றிதழையும் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

அமெரிக்கப் பிறப்பு என்பதே குற்றம் இல்லை. கலிஃபோர்னியாவின் வறண்ட வெயிலில் கிடந்த டிஆர்6இன் சேஸிஸ், குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் இங்கிலாந்தில் ஓடியதைவிடப் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அமெரிக்கக் கார் என்று வெளிப்படையாகச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் தாராளமாகப் பார்க்கலாம். 150 குதிரைத்திறன் கார் என்ற விலையை வாய்வார்த்தையை நம்பிக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆக, மர்மமான கார் ஒன்றுதான் கைக்கு எட்டுகிறது என்றால் மார்க் 4 அல்லது 1500 ஸ்பிட்ஃபயரைத் தேடுங்கள். தோற்றாலும் இழப்பு சிறியது. எம்ஜிபிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால், ஸில் மாற்றும்போது எடுத்த படங்கள் உள்ள காராகப் பாருங்கள். பளபளப்பான பெயின்டைவிட அந்தப் படங்களுக்குக் கூடுதல் பணம் தரலாம். காற்று வாங்கிக்கொண்டு ஓட்டும் ஆசையை விட்டுக்கொடுக்க முடிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: 1965இல் வந்த எம்ஜிபி ஜிடி. நிரந்தரக் கூரை இருப்பதால் பாடி தொய்வது குறைவு, பின்னால் சாமான் வைக்க இடம் உண்டு, அதே என்ஜின், அதே உதிரி பாகங்கள். கூரை மடங்காது என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தை அதற்கு விலை குறைத்தே போடுகிறது.