க்ளெய்மை மறுத்துவிட்டார்களா? ஓம்பட்ஸ்மேன் முதலில், நுகர்வோர் ஆணையம் அப்புறம்

ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஆல்பேட்டை தாண்டி புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஐசியூ, ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, ஆஞ்சியோ. இரண்டாம் நாள் ‘அடைப்பு இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 74,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டிவிட்டு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடம் க்ளெய்ம் போட்டேன். ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது: வெறும் பரிசோதனைக்காகச் சேர்ந்திருக்கிறீர்கள், உள்நோயாளியாகச் சேரும் தேவை இருக்கவில்லை, பணம் கிடையாது. அடைப்பு இல்லை என்பது ஆஞ்சியோ பார்த்த பிறகு தெரிந்த சங்கதி. ஒன்றரை மணிக்கு அதை யார் சொல்வது?

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியாக வேண்டும். எழுதினேன்; பழைய பதிலையே புதுத் தேதி போட்டு அனுப்பினார்கள். அதற்கு மேல் இரண்டு கதவு: காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் (காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்), நுகர்வோர் ஆணையம் (நுகர்வோர் கோர்ட்).

செலவில் வித்தியாசம் இல்லை. ஓம்பட்ஸ்மேனுக்குக் கட்டணமே கிடையாது. கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்திலும் கிடையாது. தூரத்தில் ஆணையம்தான் ஜெயிக்கும், கடலூரிலேயே இருக்கிறது. ஓம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னையில். தமிழ்நாட்டோடு புதுச்சேரி, காரைக்காலுக்கும் அதுதான். ஆனால் புகாரை ஆன்லைனில் பதியலாம், என் விசாரணையும் வீடியோவில்தான் நடந்தது.

நான் ஓம்பட்ஸ்மேனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. எந்தக் கதவை முதலில் தட்டுகிறோம் என்பதுதான் காரணம். ஓம்பட்ஸ்மேன் தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் பணம் தந்தாக வேண்டும். நம்மைக் கட்டுப்படுத்தாது. தோற்றாலும் ஆணையத்துக்குப் போகலாம். இதைத் திருப்பிப் போட்டால் நடக்காது. ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தாலோ முடிந்துவிட்டிருந்தாலோ, அதே விஷயத்தை ஓம்பட்ஸ்மேன் தொடவே மாட்டார். பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஆணையத்துக்கு ஓடினால் சும்மா கிடைக்கும் ஒரு வாய்ப்பை நாமே பூட்டிவிடுகிறோம்.

கெடுவை மட்டும் கவனியுங்கள். ஓம்பட்ஸ்மேனுக்கு, மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து ஒரு வருஷம். ஆணையத்துக்கு இரண்டு வருஷம். புகார் ஓம்பட்ஸ்மேனிடம் இருக்கும்போதும் அந்த இரண்டு வருஷம் ஓடிக்கொண்டிருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தொகை 50 லட்சத்தைத் தாண்டினால் ஓம்பட்ஸ்மேன் வழியே இல்லை, ஆனால் நம் பில்லெல்லாம் அந்த உயரத்துக்குப் போவதில்லை.

ஓம்பட்ஸ்மேனிடம் நம் சார்பில் வக்கீல் வைக்க முடியாது. பயந்தேன், ஆனால் அதுவே வசதியாகப் போனது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கண்காணிப்புக்காகச் சேர்க்கப்பட்டார்’ என்று ஒரு வரி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுத்திருந்தார்கள். நான் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் இரண்டு நாள் நின்று முழு கேஸ் ஷீட்டின் நகலை வாங்கியிருந்தேன். டியூட்டி டாக்டர் கோணல் கையெழுத்தில் எழுதியது: வியர்வை, இடது தோள்வரை வலி, பிபி 170/100, உடனே ஐசியூ. அதைப் படித்துக் காட்டினேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆணையத்தில் நான் நின்றதில்லை. அத்தை மகன் வேறொரு க்ளெய்முக்காக அலைந்ததைப் பார்த்ததோடு சரி; வாய்தா வாய்தாவாக இரண்டு வருஷம் போயிற்று. எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்கு க்ளெய்ம் தொகையோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கிடைத்தது. ஓம்பட்ஸ்மேனிடம் அதை எதிர்பார்க்க முடியாது, நேரடி நஷ்டத்துக்கு மேல் தர அவருக்கு அதிகாரமில்லை. நிறுவனத்தை நன்றாக உறைக்க வைக்க வேண்டும் என்று வெறியோடு இருப்பவர்களுக்கு என் வழி சப்பென்றிருக்கும்.

எனக்கு வந்தது 69,200. கையுறை, முகக்கவசம் என்று மிச்சத்தைக் கழித்திருந்தார்கள். அதற்காக இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தேன், அம்மா “போதும் விடுடா” என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.