சவுண்ட்பாரா, அசெம்பிள் செட்டா, ரிசீவரா? டெல்டா வீட்டு ஹாலுக்கு எது சரிப்படும்

புது வீட்டுக்கு ஹோம் தியேட்டர் போட வேண்டும் என்று தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் விசாரித்தால் மூன்று யோசனைகள் வரும். ஷோரூமில் சவுண்ட்பாரைக் காட்டுவார்கள். தெரிந்த மெக்கானிக், "அந்தக் காசுல பாதிக்கு 5.1 செட்டே போட்டுத் தர்றேன்ணே" என்பார். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்குத் தனியாக ஒரு சப் ஊஃபர். விஷயம் தெரிந்த மச்சான் ஒருவர், ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ஏவி ரிசீவரும் தனித்தனி ஸ்பீக்கரும் வாங்கச் சொல்வார். எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கான்கிரீட் வீட்டில் தனி ஹால் இருந்தால் ரிசீவர், முன்னால் மூன்று நல்ல ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர். பின் ஸ்பீக்கர் இரண்டும் அடுத்த தீபாவளிக்கு வரட்டும். ஒரே பெட்டியில் வரும் குட்டிக் குட்டி 5.1 ஸ்பீக்கர்களைவிட இந்த 3.1 எவ்வளவோ மேல். ஆனால் இந்தப் பதில் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

முதலில் ஹாலைப் பாருங்கள்

12க்கு 16 அடி, உயரம் 10 அடி, தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ், பட்டி பார்த்த சுவர். இப்போது கட்டும் ஹால்கள் ஏறக்குறைய இப்படித்தான். சாமான் ஏற்றுவதற்கு முன் நடுவில் நின்று கையை ஒரு தட்டு தட்டினால் ஓசை நீண்டு இழுக்கும். வசனம் புரியாமல் போவதற்கு அந்த இழுப்பே பாதிக் காரணம். எவ்வளவு விலை கொடுத்து ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் அது போகாது. கோரைப் பாய் விரிப்பதால் பெரிய பலன் இல்லை, கீச்சு ஒலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். முழு நீளத்துக்குக் கனமான திரை, தடித்த கம்பளம், உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில் 2 அங்குல ராக்வூல் அடைத்துத் துணி போர்த்திய 4க்கு 2 அடி சட்டங்கள் நான்கு என்று போட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

பேஸ் சங்கதி வேறு. 16 அடி நீளம் சுமார் 35 ஹெர்ட்ஸிலும், 12 அடி அகலம் 47-இலும், 10 அடி உயரம் 56-இலும் தானாக முழங்கும். மூன்றும் விலகி விழுவதால் சமாளிக்கலாம். 12க்கு 12 அறையில் நீளமும் அகலமும் ஒரே இடத்தில் சேர்ந்து முழங்குவதால், எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே 'தும்' தூக்கலாகக் கேட்கும். பூஜையறை சதுரமாக இருக்கட்டும். படம் பார்க்கும் அறை வேண்டாம்.

முற்றம் வைத்த பழைய ஓட்டு வீட்டில் கணக்கே மாறும். திறந்த முற்றம் வழியாக பேஸ் வெளியேறிவிடும் என்பதால் 10 அங்குலத்துக்குப் பதில் 12 அங்குல சப் ஊஃபரை, உட்காரும் இடத்துக்கு அருகில் வைக்க வேண்டும். தலைக்கு மேலிருந்து ஒலி வருவதுபோல் காட்ட, ஒலியைக் கூரையில் பட்டுத் திரும்பவைக்கும் டால்பி அட்மாஸ் ஸ்பீக்கருக்கு இங்கே காசு கொடுக்கவே கூடாது. அந்த வித்தைக்குத் தட்டையான, கெட்டியான கூரை வேண்டும். ஓட்டுச் சரிவிலும், மெட்ராஸ் டெரஸின் உத்திரக் கட்டைகளிலும் ஒலி சிதறிப்போகும்.

சவுண்ட்பார்

வாடகை வீடு, 10க்கு 10 அறை, ஒரே ரிமோட்டில் எல்லாம் முடிய வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்கள் இருக்கும் வீடு: இவற்றுக்கு சவுண்ட்பார் சரியான பொருள். டிவியின் ஒலியை பாருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்புக்கு ஒரு கேபிள் போதும். ஓடிடி தளங்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற பலசேனல் ஒலி, அதற்குள் வரும் அட்மாஸ் எல்லாம் டிவியும் பாரும் அதற்கு ஒத்துவந்தால் சாதாரண ஏஆர்சியிலேயே போகும். ப்ளூரே டிஸ்கின் ட்ரூஎச்டி ஒலி டிவி வழியாக வர வேண்டுமென்றால்தான் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி அவசியம். ஆப்டிகல் கேபிளில் டால்பி டிஜிட்டல் பிளஸும் போகாது, அட்மாஸும் போகாது. இதைக் கடையில் பலர் சொல்வதில்லை.

பெட்டியில் எத்தனை எண் அச்சிட்டிருந்தாலும், பின்னால் வைக்கத் தனி ஸ்பீக்கர் இல்லாத பார் முன்பக்க ஒலியைத்தான் தரும். 3 அடிக் கட்டைக்குள் இடமும் வலமும் அடங்கிவிடுவதால் பெரிய ஹாலில் விரிவு இருக்காது. இதைவிடப் பெரிய குறை ரிப்பேர். வயர்லெஸ் சப் ஊஃபர் பெரும்பாலும் தன் ஜோடி பாருடன் மட்டுமே பேசும். பாரின் போர்டு போனால் நல்ல நிலையில் உள்ள ஊஃபரும் சேர்ந்து மூலைக்குப் போகும். வாங்குமுன், சர்வீஸ் திருச்சியில் உண்டா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அசெம்பிள் செட்

மெக்கானிக் கட்டித் தரும் செட்டை மட்டமாகப் பேசுவது வழக்கம். நாங்கள் அப்படிப் பேசமாட்டோம். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ட்ரான்சிஸ்டர் ஜோடிகளில், நல்ல ஹீட் சிங்க் வைத்துக் கட்டிய ஆம்ப்ளிஃபயர் பாட்டுக்கு அருமையாகவே இருக்கும். பழுதானால் ஊரிலேயே அன்றே சரியாகும். ஏமாற்றம் இரண்டு இடத்தில் வரும்.

ஒன்று, வாட். 24-0-24, 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு '500 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24-ஐ 1.41-ஆல் பெருக்கினால் பக்கத்துக்கு சுமார் 34 வோல்ட் டிசி. 8 ஓம் ஸ்பீக்கரில், இடையில் விழும் வோல்ட் போக, சேனலுக்கு 50 வாட் சொச்சம் வரும். ட்ரான்ஸ்ஃபார்மரின் மொத்தத் திறனோ 48 பெருக்கல் 5, அதாவது 240 விஏ. ஐந்து சேனலும் ஒன்றாக முழங்கினால் 250 வாட் வெளியே போக வேண்டும். சூடாக வீணாவதையும் சேர்த்தால் 400 விஏவுக்கு மேல் தேவை. அதனால் வெடிக் காட்சியில் வோல்ட் சரிந்து ஒலியின் உச்சி நறுக்குப்படும். ட்வீட்டர் எரிவது பெரும்பாலும் அந்த நறுக்கலால்தான். கண நேர உச்சத்தைக் காட்டும் பிஎம்பிஓ என்று எழுதிய எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

இரண்டு, டிவி அனுப்பும் ஒலியைச் சேனல் சேனலாகப் பிரித்தெடுக்கும் டீகோடர். வெறும் ப்ரோலாஜிக் போர்டு ஸ்டீரியோவைப் பிரித்து ஐந்து பக்கமும் அனுப்பும். அது உண்மையான 5.1 அல்ல. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் டீகோடர் போர்டு கேட்டு வாங்க வேண்டும். அதிலும் பல போர்டுகளுக்கு டால்பி டிஜிட்டல் பிளஸ் தெரியாது என்பதால், டிவியின் ஒலி அமைப்பில் ஆப்டிகல் வெளியீட்டை 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்ற வேண்டும். பிசிஎம் என்று இருந்தால் ஆப்டிகலில் இரண்டே சேனல்தான் வரும். 'பின் ஸ்பீக்கர் பாடவே இல்லை' என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கட்டச் சொல்லும்போது ஸ்பீக்கர் ப்ரொடெக்ஷன் போர்டும், மூன்று முள் எர்த் ப்ளக்கும், பின்னால் ஃப்யூஸும் கட்டாயம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு ட்ரான்சிஸ்டர் ஷார்ட்டானால் டிசி நேராக ஸ்பீக்கர் காயிலுக்குப் போகும். அதைத் தடுப்பது அந்தச் சின்ன போர்டு மட்டுமே.

ஏவி ரிசீவர்

டெனான், யமஹா, ஒன்கியோ, சோனி எதுவானாலும் ஆரம்ப விலை 5.1 அல்லது 5.2 மாடலே இந்த ஹாலுக்குப் போதும். வாட்டை ஒப்பிடும்போது '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்' என்ற வரியைத் தேடுங்கள். 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் என்று போட்ட எண் எப்போதும் பெரிதாகத் தெரியும்.

வாட்டைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் எவ்வளவு சத்தம்) முக்கியம். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தால், ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 87 டெசிபல் ஸ்பீக்கர்கூட 16 வாட்டில், 10 அடி தள்ளி, 89 டெசிபலைத் தாண்டும். வீட்டில் அதற்கு மேல் வைத்தால் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வரும்.

ரிசீவரின் உண்மையான லாபம் அறைக்கேற்ற திருத்தம். டெனானில் ஆடிசி, யமஹாவில் வைபிஏஓ என்ற பெயரில் மைக் வைத்து அளந்து, தூரத்தையும் சத்தத்தையும் சரிசெய்துகொள்ளும். பிற்பாடு ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாற்றவும் வழி உண்டு. குறை சூடு. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்தால் சித்திரை வெயிலில் தானாக அணைந்துவிடும். மேலே அரை அடியாவது காலி விடுங்கள். அக்கறையாகத் துணி போர்த்திவிடுவார்கள். ஓடும்போது அது கூடாது.

காசு எங்கே போக வேண்டும்

ஒலிக்கு 100 ரூபாய் என்றால் ரிசீவருக்கு 35, முன் மூன்று ஸ்பீக்கருக்கு 35, சப் ஊஃபருக்கு 25, ஒயர் சாமானுக்கு 5. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதைச் சிறியதாக வாங்கிவிட்டு வசனத்துக்கு ஏற்றுவதும் சண்டைக்கு இறக்குவதுமாக ரிமோட்டோடு மல்லுக்கட்டுகிற வீடுகள் ஏராளம். மூன்றும் ஒரே வரிசை மாடலாக இருக்கட்டும். சென்டரை டிவி யூனிட்டின் குழிக்குள் தள்ளாமல், முன்விளிம்புக்கு ஒட்டி, காதை நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். சப் ஊஃபர் இருக்கும்போது டவர் ஸ்பீக்கர் வீண் செலவு. 5 முதல் 6.5 அங்குல ஊஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி போதும். கார் ஊஃபரைப் பெட்டியில் அடைத்துத் தருவதை வாங்க வேண்டாம்.

படத்துக்கு டிவிதான். 100 அங்குலத் திரைக்கு 87 அங்குல அகலச் சுவரும், த்ரோ ரேஷியோ (தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தது) 1.5 உள்ள ப்ரொஜெக்டருக்கு சுமார் 11 அடி தூரமும் வேண்டும். பகல் வெளிச்சம் புகும் கூடத்தில் படம் வெளிறும். 8, 9 அடியில் உட்காருவதற்கு 65 அங்குல டிவி கச்சிதம்.

கரண்டு

டெல்டாவில் இந்தச் சாமான்கள் தேய்ந்து சாவது குறைவு, கரண்டில் சாவதே அதிகம். பம்புசெட்டுகள் ஓடும் கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்கும், நள்ளிரவில் ஏறும். டிவியின் பவர் சப்ளை பொதுவாக 100 முதல் 240 வரை தாங்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த ரிசீவரும் அசெம்பிள் செட்டும் தாங்காது. இந்த இரண்டுக்கும் 1 கேவிஏ ஸ்டெபிலைசர் தேவை.

ஸ்டெபிலைசராலும் தடுக்க முடியாதது நியூட்ரல் கட். காற்று மழையில் கம்பத்து ஜாயின்ட் விட்டுப்போனால் மும்முனை லைனில் உங்கள் வீட்டுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட் அருகே வரக்கூடும். ஸ்பைக் பஸ்டருக்குள் இருந்து மிகை வோல்ட்டை உறிஞ்சும் எம்ஓவி என்ற பாகம் நொடிக்கும் குறைவான தாவலுக்குத்தான். நீடித்து வரும் 400-இல் அதுவே எரியும். மெயின் போர்டிலேயே, 170-க்குக் கீழும் 270-க்கு மேலும் அறுத்துவிடும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் கட் ஆஃப் ரிலே பொருத்தச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ப்ளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் கேபிளையும் கேபிள் டிவி ஒயரையும் கழற்ற வேண்டும். எச்டிஎம்ஐ போர்டு போவதற்கு அந்த வழியும் ஒரு காரணம். சப் ஊஃபரில் ஓயாத 'ம்ம்ம்' கேட்டாலும் முதலில் அந்த கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் குற்றம் ஆம்ப்ளிஃபயர்மேல் இல்லை, இரண்டு எர்த்துக்கு நடுவே. 'ம்ம்ம்' போகிறதே என்று எர்த் முள்ளை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஆளையே கொல்லும் வேலை அது. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். களிமண் கோடையில் வெடித்துக் காய்ந்தால் எர்த் குழி செத்துவிடும். குழாய் வழியே தண்ணீர் ஊற்றிவர வேண்டும். இன்வெர்டர் சைன் வேவ்தானா என்றும் பாருங்கள். ஸ்கொயர் வேவில் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும்.

உப்பும் பூச்சியும்

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, வேதாரண்யம் கரையோர வீடுகளில் உரித்த செம்பு ஒயர் முனை பச்சை பூக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும் இறுக்கிப் பிடிக்கும் பனானா ப்ளக்கும் போடுங்கள். ஊஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் இந்த ஈரத்தில் சீக்கிரம் பொடியும். ரப்பர் வளையம் கேட்டு வாங்குங்கள். பெட்டியைத் தரையில் வைத்தால் துடைக்கும் தண்ணீரில் எம்டிஎஃப் பலகை ஊதும், கரையானும் ஏறும். கதகதப்புக்கு ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையும் பல்லி போர்டை ஷார்ட் செய்யும் என்பதால் காற்றுத் துளைக்கு மெல்லிய கம்பி வலை ஒட்டலாம், காற்று அடைபடாத அளவுக்கு.

ஒயரும் வைக்கும் முறையும்

பூச்சு வேலைக்கு முன்பே, பின் ஸ்பீக்கர் இடம் இரண்டுக்கும் முக்கால் அங்குல பைப் புதைத்துவிடுங்கள்; எலியிடமிருந்தும் தப்பும். கரண்டு ஒயர் அதே பைப்பில் போகக் கூடாது. 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போகவர சுமார் கால் ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பாதகமில்லை. அதற்கு மேல் போனால் 2.5. அலுமினியத்தில் செம்பு பூசிய ஒயரைச் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

இடது வலது ஸ்பீக்கர்கள் உட்காரும் இடத்திலிருந்து நடுக்கோட்டுக்கு 30 டிகிரி, பின் இரண்டும் 110 டிகிரி, காதுக்கு ஓரடி மேலே. சப் ஊஃபரை உங்கள் இருக்கையில் தூக்கி வைத்து பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே முழக்கம் சீராக இருக்கிறதோ அங்கே அதை இறக்குங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. பிறகு ஃபேனை நிறுத்தி, மைக்கை உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் வைத்து அளவெடுக்க விடுங்கள். முடிந்ததும் எல்லா ஸ்பீக்கரும் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் (பேஸ் சப் ஊஃபருக்குப் பிரியும் இடம்) 80 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். 'லார்ஜ்' என்று எடுத்துக்கொண்டிருந்தால் கையால் மாற்றுங்கள். வசனம் இன்னும் அடங்கிக் கேட்டால் சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏற்றுங்கள்.