சேலத்து கம்ப்யூட்டர் லேபுக்கு ஃபோல்டிட் சரிப்படுமா?

விளையாடியபடியே ஆராய்ச்சிக்கு உதவலாம் என்று சொன்னதும் நம்மூர் பயோடெக் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சர்டிபிகேட் உண்டா சார்?" என்பதுதான். சர்டிபிகேட் கிடையாது. அதை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். மற்றவர்களுக்கு, கருப்பூர் பக்கத்து ஹாஸ்டலில் இருந்தாலும் ஏற்காட்டில் சிக்னல் வந்து வந்து போகும் வீட்டில் இருந்தாலும், ஃபோல்டிட் செலவில்லாமல் கிடைக்கும் நல்ல சரக்கு. ஒரு நிபந்தனை: ஸ்கோர் இறங்குவதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட விளையாட்டு இது. திரையில் ஒரு புரதம் இருக்கும். அதை முறுக்கி, மடித்து, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஆற்றல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஸ்கோர் ஏறும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். செல்போனில் விளையாடலாம் என்று நினைக்க வேண்டாம். லேப்டாப் டச்பேடும் தொல்லைதான். சுற்றிப் பார்க்க இடது பட்டன், நகர்த்த வலது பட்டன், பெரிதாக்க நடுச் சக்கரம் என்று மூன்றும் நொடிக்கு நொடி தேவைப்படும். சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

இணையம் மோசமாக இருப்பது இங்கே பெரிய தடை இல்லை. கணக்கெல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கிறது. புதிரை இறக்க, ஸ்கோரை ஏற்ற, குழுவோடு பகிர மட்டுமே நெட் வேண்டும். மலைமேல் இருப்பவர்களுக்கு இது வசதி. ஆனால் பிராசசர் முழு வேகத்தில் ஓடுவதால் சித்திரை வெயிலில், ஃபேன் மட்டும் உள்ள அறையில், பழைய லேப்டாப் கொதித்துவிடும். மெத்தை மேல் வைத்து இரவு முழுக்க ஓட விடாதீர்கள்.

இனி ஆட்டம். பயிற்சிப் புதிர்களைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு கருவியைச் சொல்லித் தருகிறது. ஷேக் என்பது புரதச் சங்கிலியிலிருந்து நீளும் பக்கக் கிளைகளை மட்டும் உலுக்கும். விக்கிள் அந்தச் சங்கிலியின் முதுகெலும்பையும் சேர்த்து நெளிக்கும். பேண்ட் என்பது இரண்டு புள்ளிகளை இழுத்துக் கட்டும் ரப்பர். ஃப்ரீஸ் போட்டால் அந்தப் பகுதி அசையாது. ரீபில்ட் ஒரு துண்டைக் கலைத்து வேறு வடிவத்தில் கட்டும். ஆரஞ்சு நிறக் கிளைகள் தண்ணீரை வெறுப்பவை, உள்ளே போக வேண்டும். நீலம் வெளியே இருக்கலாம். இரண்டு அணுக்கள் முட்டிக்கொண்டால் சிவப்பு முள்ளுருண்டை தெரியும்.

பயிற்சி முடித்த கையோடு எல்லோரும் செய்வது விக்கிளை அழுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பது. ஸ்கோர் கிடுகிடுவென ஏறும், நிற்கும். அதற்குப் பிறகு எத்தனை தடவை அழுத்தினாலும் அரைப் புள்ளி, கால் புள்ளிதான். காரணம், விக்கிள் பக்கத்தில் உள்ள மேட்டில் மட்டுமே ஏறும். அதைவிட உயரமான மேடு தள்ளி இருந்தால், பள்ளத்தில் இறங்கித்தான் போக வேண்டும். இறங்கும் முடிவை நிரல் எடுக்காது, நீங்கள்தான் எடுக்க வேண்டும். இதற்குத்தான் இந்த விளையாட்டில் மனிதனே தேவைப்படுகிறான்.

இறங்கும் முறை இது. முதலில் நடப்பு நிலையைச் சேமியுங்கள். மோதலுக்கு எவ்வளவு மதிப்பு என்று காட்டும் கிளாஷ் இம்பார்ட்டன்ஸ் ஸ்லைடரை 1-லிருந்து 0.2 பக்கம் இறக்குங்கள். வெளியே துருத்தும் ஆரஞ்சுக் கிளையிலிருந்து நடுவுக்கு இரண்டு மூன்று பேண்ட் கட்டி, சில நொடிகள் மட்டும் விக்கிள் கொடுங்கள். பேண்டை எடுத்துவிட்டு ஒரு ஷேக். பிறகு ஸ்லைடரைப் படிப்படியாக 1-க்கு ஏற்றி மறுபடி விக்கிள். நடுவில் ஸ்கோர் நூற்றுக்கணக்கில் சரியும், பதற வேண்டாம். பழைய ஸ்கோரைத் தாண்டவில்லை என்றால் சேமித்ததற்குத் திரும்பி, பேண்டை வேறு இடத்தில் கட்டிப் பாருங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தச் "சில நொடிகள்" விஷயத்தில்தான். மோதல் மதிப்பு குறைவாக இருக்கும்போது நிமிடக்கணக்கில் விக்கிள் ஓடினால் அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்துவிடும். அப்புறம் ஸ்லைடரை 1-க்கு ஏற்றிய மறுநொடி புரதம் வெடித்துச் சிதறும். அதைத் திருத்த முயல்வது நேரவிரயம்.

அடுத்த பொறி ரெசிபி. மற்ற ஆட்டக்காரர்கள் லுவா என்ற நிரல்மொழியில் எழுதிப் பகிர்ந்த நிரல்கள் இவை. ராத்திரி ஓட விட்டால் காலையில் கொஞ்சம் புள்ளி சேர்ந்திருக்கும். கடைசிக்கட்ட மெருகுக்கு நல்லது. முதல் நாளே ஓட விட்டால் தவறான வடிவத்தை மெருகேற்றி அதிலேயே பூட்டிவிடும். ஒரே கணினியில் இரண்டு ஜன்னல் ஓட்ட ஆசைப்பட்டால் இரண்டு தனித்தனி ஃபோல்டரில் நிறுவுங்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டைத் திறந்தால் சேமிப்பு குழம்பும். கரண்ட் கட்டுக்கு, ரெசிபி தொடங்குமுன் கையால் ஒருமுறை சேமிப்பதே காப்பு.

தனி ஆட்டம், குழு ஆட்டம் இரண்டுக்கும் தனித்தனித் தரவரிசை உண்டு. எங்கள் ஓட்டு குழுவுக்கே. ஒருவர் பகிர்ந்த வடிவத்தை இன்னொருவர் எடுத்து வளர்க்கலாம். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று கை மாறுவதுபோல, இங்கேயும் தொடங்குவதில் கெட்டிக்காரர் வேறு, முடிப்பதில் கெட்டிக்காரர் வேறு. ஃபோல்டிட்டுக்குப் பேர் வாங்கித் தந்த வேலையே அப்படி நடந்ததுதான். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோய் தரும் வைரஸ் ஒன்றின் புரோட்டியேஸ் நொதியின் வடிவம் பத்து ஆண்டுக்கும் மேலாகப் பிடிபடாமல் இருந்தது. ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த அவகாசம் மூன்று வாரம். ஒரே குழுவில் ஒருவர் அடித்தளம் போட, அடுத்தவர் உள்ளடுக்கைச் சீராக்க, மூன்றாமவர் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த மடிப்பை உள்ளே செருகினார். அந்த மாதிரியை வைத்து ஆய்வாளர்கள் எக்ஸ்ரே தரவை அவிழ்த்தார்கள். 2011-ல் கட்டுரை வந்தது.

இன்றைக்கும் அதே மதிப்பு உண்டா? வடிவத்தை ஊகிக்கும் புதிர்களில், புரத வடிவத்தைத் தானே கணிக்கும் ஏ.ஐ நிரலான ஆல்ஃபாஃபோல்டுக்குப் பிறகு மவுசு குறைந்துவிட்டது, மறைப்பதற்கில்லை. எனவே விளையாடுபவர்கள் வடிவமைப்புப் புதிர்களைத் தேடிப் போவது நல்லது. அங்கே புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களையே மாற்றி, இயற்கையில் இல்லாத புரதத்தை உருவாக்க வேண்டும். 2019-ல் வெளியான ஆய்வில் ஆட்டக்காரர்களின் 146 வடிவமைப்புகளை ஆய்வகத்தில் சோதித்ததில் 56 உறுதியாக மடிந்து நின்றன. இந்தக் களத்தின் தலையாய ஆய்வாளர் டேவிட் பேக்கருக்கு 2024-ல் வேதியியல் நோபல் கிடைத்தது, புரத வடிவமைப்புக்காகத்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. தமிழில் கிடையாது, முதலாண்டு மாணவர்களுக்கு அருகில் ஒருவர் உட்கார வேண்டும். திரை முழுக்கப் பட்டன்கள். புதிர்கள் பெரும்பாலும் ஒரு வாரம் போல ஓடி மூடிவிடும். மூடும் நேரம் நம் ஊர் விடியற்காலையில் விழலாம். படுக்கப் போகுமுன் மீதி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மவுஸ் வாங்கவோ மென்பொருள் நிறுவவோ வழியில்லை என்றால் எட்டர்னா. இது ஆர்.என்.ஏ வடிவமைப்பு, பிரவுசரிலேயே ஓடும். ஆர்.என்.ஏவின் நான்கு அலகுகளுக்கும் ஒவ்வொரு நிறம்: ஏ மஞ்சள், யூ நீலம், ஜி சிவப்பு, சி பச்சை. கேட்கும் வடிவத்துக்கு மடியும்படி நான்கு நிறங்களையும் நிரப்ப வேண்டும். தேர்ந்தெடுத்த வடிவமைப்புகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்தில் நிஜமாகவே தயாரித்து 100-க்கு மார்க் போடுகிறார்கள். நிரல் தருவது ஒரு மார்க், சோதனைக்குழாய் தருவது இன்னொரு மார்க். பாடம் அங்கேதான். ஜி-சி இணை வலுவானது என்று எல்லா இடத்திலும் அதையே போடுவது வழக்கமான தப்பு. திரையில் கச்சிதமாக மடியும், குழாயில் சொதப்பும். ஒரே மாதிரித் தொடர் பல இடத்தில் வந்தால் ஒரு தண்டின், அதாவது இணை சேர்ந்த பகுதியின், பாதி வேறொரு தண்டின் பாதியோடு போய் ஒட்டிக்கொள்வதே காரணம். தண்டின் இரு முனையிலும் ஜி-சி வைத்து, நடுவில் ஏ-யூவைக் கலந்து, தொடர்களைத் திரும்ப வராமல் பாருங்கள். இணை சேராத வளையங்களில் பெரும்பாலும் ஏ போதும்.

கையில் போன் மட்டும்தான் என்றால் ஸ்டால் கேட்சர்ஸ் பக்கம் போகலாம். எலி மூளையின் ரத்தக்குழாய் வீடியோவைப் பார்த்து, ஓட்டம் இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கரும்புள்ளி நகர்ந்தால் ஓட்டம், ஒரே இடத்தில் நின்றால் அடைப்பு. அல்ஸைமர் ஆய்வுக்கானது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபடும், அரை மணியில் அலுக்கும்.

கல்லூரியில் தொடங்குபவர்கள் முதலில் பேச வேண்டியது சிஸ்டம் அட்மினிடம். கேம் என்ற வகையில் வரும் தளங்களை ஃபயர்வால் தடுத்திருக்கும். மூன்று முகவரிகளையும் எழுதிக் கொடுத்துத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஒரு கணினிக்கு இரண்டு பேர் போதும், மூன்றாமவர் போனை எடுத்துவிடுவார். முதல் இரண்டு மணி நேரத்தைப் பயிற்சிப் புதிர்களுக்கே ஒதுக்கி, நேரடிப் புதிரை அடுத்த வாரம் திறங்கள்.